காவிரியின் கூன்முதுகு மீன்

மும்பையிலிருந்து புனா செல்லும் இரயிலில் பயணம் செய்யும் நம்மவர் பலர், வழியில் லோணாவளா என்னும் மலையூரைக் கண்டிருப்பர். அவ்வூரிலுள்ள மீன் பண்ணைக்கும் நம் காவிரிக்கும் உள்ள தொடர்பை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்குமே உரிய பெருமீன், கூன்முதுகு மகசீர். சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் எழுதிய நூலால் இதன் புகழ் கடல் கடந்தது. 1946-இல் கபினி ஆற்றில் பிடிபட்ட மகசீர் ஒன்று 120 இராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையிருந்தது.

பின்னர் அணைகள் மீன்களின் வழியை மறித்தன. வெடி வைத்து மீன் பிடிப்போரும் பெருகினர். மகசீர் அருகி வருவது கண்டு, 1970-களில் டாட்டா மின் நிறுவனத்தார் லோணாவளாவில் நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினர். அங்கே பிறந்த குஞ்சுகள் காவிரியிலும் விடப்பெற்றன. நோக்கம் நன்றே. ஆயினும் அம்மீன், 1839-இல் சைக்ஸ் என்பார் புனாவின் முளா-முட்டா ஆற்றிலிருந்து விவரித்த இனம், கிருஷ்ணை நதிக்குலத்தது. காவிரி மீன் வேறோர் இனம் என்பது அன்று தெளிவாகவில்லை.

விளைவு யாது? 1998 முதல் 2012 வரை காவிரியில் தூண்டிலிட்டோர் எழுதி வைத்த குறிப்புகளை ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகியதும் கூன்முதுகு மீன் மறைந்து வந்ததும் புலனாயின. 2018-இல் ஏட்ரியன் பிண்டர், இராஜீவ் இராகவன் முதலிய அறிஞர், கூன்முதுகு மீனும் பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பெற்ற ‘டோர் ரேமாதேவி’யும் ஒன்றே என மரபணுச் சான்றுடன் நிறுவினர். அவ்வாண்டே அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் உறுதியாகுமுன்னரே மீன் அருகிவிட்டது!

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது, மீன்களின் தொகை வேறு, மரபு வளம் வேறு என்பதே. ஒவ்வோர் ஆற்று மீனும் அவ்வாற்றின் வெள்ளத்திற்கும் வெப்பத்திற்கும் ஏற்பப் பல்லாயிரம் தலைமுறைகளாக அமைந்தது. வேற்றாற்று மீனை விட்டால், அது உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாகலாம். கலப்பினம் தோன்றி மூலமரபு கரையவும் கூடும். சில பெற்றோரிடமிருந்தே இலட்சம் குஞ்சுகளை எடுப்பினும், அவை யாவும் உடன்பிறப்புகளே. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். ஆதலின் ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித் தாய்மீன்களை, இயன்றவரை பலவாகப் பேணுதல் வேண்டும்.

1983-இல் நிறுவப்பெற்று இலக்னோவில் இயங்கும் தேசிய மீன் மரபு வள நிலையம், ஆண்மீனின் விந்தணுவைக் கழியம் 196 பாகைக் குளிரில் திரவ நைட்ரஜனில் காக்கும் முறைகளை வகுத்துள்ளது. ஆனால் மஞ்சட்கரு நிறைந்த மீன் முட்டையை அவ்வாறு உறையவைத்துக் காக்க இயலவில்லை. பெண்மீன் ஆற்றில் உயிரோடிருந்தாலன்றி அவ்விந்தணுவால் பயனில்லை.

மோயாறு முதலிய சில நீர்நிலைகளில் இம்மீன் இன்னும் எஞ்சியுள்ளது. கருநாடகம், கேரளம், தமிழகம் ஆகிய மூன்றிற்கும் பொதுவான அச்செல்வத்தை, அதன் சொந்த ஆற்றிலேயே காப்பது மூன்று நாட்டாரின் கடமையாகும்.