பாட்டன் என்னும் சொல்லும் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும்

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் பிரிவைத் தமிழாக்க முற்படுவோர் முதற்கண் எதிர்கொள்வது உறவுமுறைச் சொற்களின் சிக்கலையே ஆகும். அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வழிமரபுக் குடியுரிமை பெற அவர்தம் தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஆகிய இருவரும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும்.

தமிழில் 'பாட்டன்', 'தாத்தா' என்பன தந்தையின் தந்தைக்கும் தாயின் தந்தைக்கும் பொதுவாக வழங்குவன. 'அப்பப்பா', 'அம்மப்பா' எனப் பிரித்துரைப்பது யாழ்ப்பாண வழக்கு. சட்டம் வேண்டியது அப்பப்பாவையே. மணவுறவில் பிறந்தவருக்குத் தாய்வழியில் எத்தனை தலைமுறை இலங்கையில் பிறந்திருப்பினும் பயனில்லை. மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவருக்கு மட்டும் தந்தைக்குரிய இடத்தில் தாயும், தந்தைவழிப் பாட்டனுக்குரிய இடத்தில் தாய்வழிப் பாட்டனும் வைத்துக் கொள்ளப்பட்டனர். மொழிபெயர்ப்பாளர் 'பாட்டன்' என்று வாளா எழுதிவிடின் சட்டத்தின் பொருளே மாறிவிடும்.

இச்சிக்கல் ஏட்டளவில் நின்றதன்று. மலையகத் தோட்டத் தொழிலாளர் பலரிடம் தம் தந்தையின் பிறப்பைக் காட்டும் பதிவே இல்லை. பூட்டனின் பதிவுக்கு எங்கே போவது? தலைப்பேற்றுக்குத் தமிழகம் சென்று மீண்ட குடும்பங்களும் உண்டு. அவ்வாறு பிறந்த ஆண்மகவு பின்னர்த் தந்தையானபோது, அதன் பிறப்பிடமே பிள்ளைகளின் உரிமைக்குத் தடையாயிற்று. இவ்வாறு நாடற்றோர் ஆனவர்களில் 9,75,000 பேரைக் குறித்தே 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்பது அதன் பங்கீடு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை நிலுவையில் இருந்தது.

வழிமரபு காட்ட இயலாமையால் உரிமை இழந்த மக்களுக்கே 'இந்திய வம்சாவளியினர்' என்னும் பெயர் நிலைத்தது என்பது சொல்வரலாற்றில் ஒரு முரண். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்பு, வழிமரபாலோ பதிவாலோ உரிமை பெற்ற எவரும் 'இலங்கைப் பிரஜை' என்றே குறிக்கப்படுவர் என விதித்தது. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், அங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அச்சட்டத்தில் 'வழித்தோன்றல்' என்பதற்குத் 'தந்தைவழி' என்னும் அடை இல்லை.