போர்க்காலப் பிரசாரமும் பம்பாய் மாநகரமும்

போர் என்றதும் நம் நினைவிற்கு வருவன படையும் படைக்கலமும் ஆகும். ஆயினும் போர் தொடுக்கும் அரசு எதுவும் ஒரு களத்தில் மட்டும் பொருதுவதில்லை. எல்லைப்புறத்திலே ஒரு களம். குடிமக்களின் உள்ளத்திலே மற்றொரு களம். முன்னதில் பீரங்கி முழங்கும். பின்னதில் சொல் முழங்கும். சில வேளைகளில் மௌனமும் அங்கே படைக்கலமாகும். இப்பொருளை நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இத்தகைய சொற்போர் மிகக் கடுமையாக நிகழ்ந்த ஊர்களுள், நாம் வாழ வந்த இம் மும்பை மாநகரமும் ஒன்று. அந்நாளில் இதன் பெயர் பம்பாய்.

தமிழர்க்கு இவ்வகைப் போரின் முதற் பாடம் சென்னைக் கடற்கரையிலே கிடைத்தது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டிச் சென்றது. தாக்குதல் சிறிது நேரமே நீடித்தது. அதனால் எழுந்த அச்சமோ நெடுநாள் நீடித்தது; மக்கள் கூட்டங் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். அஞ்ச வேண்டுவதில்லை என்று அரசு சொன்ன சொற்களில் ஒன்றேனும் நம் மொழியில் நிலைக்கவில்லை. பகைவனின் கப்பற் பெயரோ, எதற்கும் துணிந்த வல்லாளனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழிலே நிலைத்துவிட்டது. மக்கள் கண்ணாற் கண்டதை அறிக்கைகளால் அழிக்க இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள், இந்தியாவும் போரில் ஈடுபட்டுவிட்டதென அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு அறிவித்தார். இந்நாட்டுத் தலைவர் எவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. அதனைக் கண்டித்து மாகாணங்களில் ஆட்சி புரிந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. கேளாமலே போரில் இழுக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து ஆளும் பொருளும் திரட்ட வேண்டிய நிலை ஆங்கில அரசுக்கு நேர்ந்தது. ஆகவே பிரசாரம் அதற்கு இன்றியமையாததாயிற்று. இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் செய்தித்தாள்களுக்குக் கடிவாளமிட்டன. அகில இந்திய வானொலி அரசின் குரலாக ஒலித்தது. 1941 மே 3-ஆம் நாள் இலண்டன் பி.பி.சி. நிலையமும் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1942-இல் ‘தேசியப் போர்முனை’ என்றோர் இயக்கம், வதந்தியையும் தோல்வி மனப்பான்மையையும் ஒழிப்பதற்கென அரசாலே தோற்றுவிக்கப்பட்டது.

திரைப்படமும் இதிலிருந்து தப்பவில்லை. பம்பாயில் இயங்கிய ‘இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா’ என்னும் அரசு நிறுவனம் செய்திப்படங்களைத் தயாரித்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அவை வெளிவந்தன. அரசு ஒப்பிய படங்களை ஒவ்வொரு காட்சியிலும் காட்டியே தீரவேண்டும் என்று 1943-இல் கொட்டகைகளுக்கு விதி வகுக்கப்பட்டது. கச்சாப் பிலிம் பங்கீட்டில் இருந்த காலம் அது. போர் முயற்சிக்குத் துணைபுரியும் படங்களைத் தமிழ்ப் படமுதலாளிகளும் எடுத்தனர். மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’, கே. சுப்பிரமணியத்தின் ‘மான சம்ரட்சணம்’ ஆகியன அவ்வகையைச் சேர்ந்தன.

இத்தனைக் கருவிகளும் இருந்தும், 1942-இல் அரசின் சொல் விலைபோகவில்லை. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8-இல் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்கள் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரம் பெரும்பாலும் காலியாயிற்று. அரசின் அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. அதே வேளையில் பர்மாவிலிருந்து இந்தியர் பல இலட்சம் பேர் இந்நாட்டிற்கு ஓடிவந்தனர். அவருட் பலர் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். தமிழரும் அவர்களிடையே மிகப் பலர். காலில் புண்ணும் கையில் வெறுமையுமாகத் திரும்பிய உறவினன் வாய்ச்சொல்லுக்கு முன்னே வானொலி எம்மாத்திரம்? பேரரசு வலுவுடன் நிற்கிறது என்ற முழக்கத்தைத் திண்ணையில் அமர்ந்து அவன் சொன்ன கதையே பொய்யாக்கிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் நம் நகரத்தின் கோவாலியா குளத் திடலில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் சிறைப்பட்டனர். நாடெங்கும் நடந்தவை பற்றிய செய்திகளைத் தாள்கள் விருப்பம்போல் வெளியிட முடியவில்லை. அந்நிலையிலே ஆகஸ்டு 27-ஆம் நாள், 42.34 மீட்டர் அலைவரிசையில் ஒரு புதுக் குரல் பம்பாயிலிருந்து எழுந்தது. அதுவே காங்கிரஸ் வானொலி. அதனை நடத்தியவருள் முதன்மையானவர் உஷா மேத்தா. அப்போது அவருக்கு வயது 22. இராம் மனோகர் லோகியா போன்றோர் அதற்குத் துணை நின்றனர். காவல் துறையின் கண்ணிலிருந்து தப்ப, நிலையம் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தது. மூன்று திங்கள் நிறையுமுன், நவம்பர் 12-ஆம் நாள், அது பிடிபட்டது. உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அஃதும் பிரசாரமே எனலாம், ஐயமில்லை. ஆயினும் ஒரு சிறு அறையிலிருந்து பேசிய அக்குரலுக்கு மக்கள் செவி சாய்த்தது ஏன்? அரசு சொல்லாமல் விட்டதை அது சொல்லிற்று, காரணம் அவ்வளவே.

இனி, நம் நகரத்து வரலாற்றிலே மறக்கவொண்ணாத நிகழ்ச்சிக்கு வருவோம். தமிழர் இல்லங்களிற் சித்திரைப் புத்தாண்டு பிறந்த நாட்களில், 1944 ஏப்ரல் 12-ஆம் நாள், ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் சரக்குக் கப்பல் கராச்சி வழியாகப் பம்பாய் வந்து விக்டோரியா துறையில் நின்றது. அதிலே சுமார் 1,400 டன் வெடிப்பொருள் இருந்தது. அதனோடு பல்லாயிரம் பொதிப் பருத்தியும், எண்ணெய்ப் பீப்பாய்களும், பொற்கட்டிகளும் இருந்தன. பஞ்சும் எண்ணெயும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! 14-ஆம் நாள் நண்பகலுக்குப் பின் அதிலே தீப் பற்றியது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து போராடினர். மாலை 4 மணி கடந்து 6 நிமிடத்தில் கப்பல் வெடித்தது. சுமார் அரைமணி கழித்து, அதனினும் பெரிய இரண்டாம் வெடிப்பு நிகழ்ந்தது. அதிர்ச்சியைத் தொலைதூரத்துச் சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவியும் பதிவு செய்தது. ஓசை 80 கிலோ மீட்டருக்கு அப்பாலும் கேட்டது என்பர். எனவே தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அன்றிருந்தோர் அதனைக் கேளாதிருந்திருக்க இயலாது.

இறந்தோர் தொகை 800 முதல் 1,300 வரை எனப் பலவாறு கணக்கிடப்படுகிறது. தீயணைப்புப் படையினருள் மட்டும் 66 பேர் உயிர் நீத்தனர். சுமார் 80,000 மக்கள் வீடிழந்தனர். தீயை அடக்க மூன்று நாள் ஆயிற்று. 8,000 பேர் ஏழு திங்கள் உழைத்து இடிபாடுகளை அகற்றினர். இன்றும் ஏப்ரல் 14-ஆம் நாளைத் தீயணைப்புப் பணியாளர் நினைவு நாளாக நம் நாடு போற்றி வருகிறது.

இத்துணைப் பெரிய துயரத்தை அரசு எவ்வாறு நடத்தியது என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரியது. நகரமே நடுங்கியிருக்க, தணிக்கை அதிகாரிகள் செய்தியை மறைக்க முற்பட்டனர். தீயின் காட்சிகளைப் படம் பிடித்தவரின் சுருளை இராணுவ அதிகாரிகள் கைப்பற்றினர். வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப நிருபர்களுக்கு மே மாதம் இரண்டாம் வாரத்திலேதான் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவின் ‘டைம்’ இதழில் இக்கதை வெளிவந்த நாள் மே 22. ஆனால் வெடிப்பு நிகழ்ந்த மறுநாளே, ஏப்ரல் 15-ஆம் நாளே, விவரமாக அதனை உலகுக்கு உரைத்த குரல் ஒன்று உண்டு. அது ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் வானொலி!

இதிலுள்ள முரண்பாட்டை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பகைவன் அறியக்கூடாது என்பதே தணிக்கைக்குச் சொல்லப்படும் காரணம். இங்கோ பகைவன் அறிந்தான், பம்பாய் மக்கள் கண்ணாற் கண்டனர், அறியாதிருந்தோர் மற்றையோரே. மூடிய கதவு பகைவனைத் தடுக்கவில்லை. உற்றார் உறவினர் நிலையறியத் துடித்தோரையே தடுத்தது.

அவ்வாறாயின் சைகோன் வானொலி வாய்மையின் உறைவிடமோ எனின், அன்று. பம்பாயின் துயரை உரைத்த ஜப்பானியர், தம் ஆட்சியிலே தமிழர் பட்ட துயரை உரைத்தாரில்லை. நல்ல கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி, மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைச் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்கு அவர்கள் கொண்டு சென்றனர்; பலரைப் பலவந்தமாகவும் இழுத்துச் சென்றனர். சுமார் 415 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர். ‘ஆசியா ஆசியர்க்கே’ என்று முழங்கிய வானொலிகளில் அச்சாவுகளுக்கு இடமில்லை. ஆங்கிலேயர் மறைத்ததை ஜப்பானியர் சொல்லினர். ஜப்பானியர் மறைத்ததை ஆங்கிலேயர் சொல்லியிருப்பர். இருவரும் உண்மையைத் தம் தேவைக்கேற்ப எடுத்துக்கொண்டவர்களே. அக்காலத்தில் பி.பி.சி.யின் கீழ்த்திசைப் பகுதியில் இந்தியாவுக்கான உரைகளை எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், உண்மையைச் சொல்லும்போதும் பிரசாரம் பொய்யே என்று 1942 மார்ச்சில் தம் நாட்குறிப்பில் வருந்தியிருக்கிறார். அப்பணியைச் செய்தவரே சொன்னதால் அதற்கு மதிப்பு மிகுதி.

மறைப்பினால் விளைந்த பெருந்தீங்கிற்கு வங்காளமே சான்று. 1943-இல் அங்கே மக்கள் பசியால் மடிந்தபோது, பஞ்சம் என்ற சொல்லையே அரசு தவிர்த்தது. ஆகஸ்டு 22-ஆம் நாள், கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழின் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ் தெருவிலே கிடந்தோரின் புகைப்படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் திடுக்கிட்டது. அவர் ஆங்கிலேயர், அவ்விதழும் ஆங்கிலேயருடையது. அரசின் விசாரணைக் குழு கணக்கிட்ட சாவுகளே சுமார் 15 இலட்சம்; பின்வந்த ஆய்வாளர் அதனை 30 இலட்சம் வரை உயர்த்துவர். முன்னரே உரக்கச் சொல்லப்பட்டிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்!

மறைப்பு இறுதியில் மறைத்தவரையே சுட்டது. 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சுதந்திர இந்திய அரசை நிறுவினார். அவர் படையில் மலேயாத் தமிழர் பெருந்தொகையினர்; ஜான்சி ராணிப் படையின் தலைவி கேப்டன் இலட்சுமி சென்னையைச் சேர்ந்தவர். இப்படையைப் பற்றி இந்திய மக்கள் அறியாதவாறு தணிக்கை காத்தது. போர் முடிந்து, 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் அப்படைத் தலைவர்கள் மீது விசாரணை தொடங்கியபோது, ஈராண்டுச் செய்தி ஒரே நாளில் வந்ததுபோல் ஆயிற்று. நாடே கொதித்தெழுந்தது. மூன்று திங்களில், 1946 பிப்ரவரி 18-ஆம் நாள், இதே பம்பாயில் ‘தல்வார்’ தளத்துக் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். மோசமான உணவும் அவமதிப்பும் அவர்தம் குறைகள். நேதாஜியின் படையினரை விடுவிக்க வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கை. அணையிட்டுத் தேக்கிய வெள்ளம் உடைத்துக்கொண்டால் அணை கட்டியவன் வீட்டையும் அது விடாது.

இவ்வாறு கூறுவதால், போர்க்காலத்தில் எதனையும் மறைத்தல் ஆகாது என்பது நம் கருத்தன்று. படை செல்லும் வழியையும் கப்பல் புறப்படும் நாளையும் ஊரறியச் சொல்லும் அரசு தன் வீரரையே காட்டிக் கொடுப்பதாகும். பகைவனிடமிருந்து காக்க மறைப்பது வேறு. தன் குறை தெரியாதிருக்கக் குடிமக்களிடமிருந்து மறைப்பது வேறு. முன்னது காவல், பின்னது பயம். இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் மக்கள் உள்ள நாட்டிலேதான் அரசின் சொல்லுக்கும் மதிப்பு இருக்கும்.

அக்காலத்தில் தணிக்கை ஒன்றே தடையாக இருந்தது. இக்காலத்திலோ செய்திப் பெருக்கமே தடையாகிவிட்டது. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாட்களில், கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டதெனத் தொலைக்காட்சிகள் சில இரவெல்லாம் முழங்கின. அவ்வாறு ஒன்றும் நிகழ்ந்திருக்கவில்லை. 1944-இல் வெடித்த துறைமுகத்தை வெடிக்காததுபோல் மறைத்தார்கள். 2025-இல் வெடிக்காத துறைமுகத்தை வெடித்ததாக உரைத்தார்கள். அன்று சுருளைப் பறிக்க அதிகாரி வரவேண்டியிருந்தது. இன்று பொய்யைப் பரப்ப நம் கையிலுள்ள கைப்பேசியே போதும். நம் இல்லங்களிலிருந்து அது எத்தனை பேருக்குச் சென்றதென நம்மை நாமே வினவிக் கொள்ளுதல் தகும்.

வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் அரசனுக்கு ஓர் அறிவுரை கூறுகின்றார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க. ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருப்பின் தெளிக என்பது அதன் கருத்து. குடியாட்சியில் குடிமக்களே மன்னர். ஆகவே அவ்வறிவுரை இன்று நமக்கே உரியது. பல மொழியும் பல செய்தித்தாளும் வழங்கும் இந்நகரத்தில் வாழும் நம் பிள்ளைகள், ஒரு செய்தியைக் கேட்டால் அதனைச் சொல்பவர் யார், அதனால் அவர் பெறும் பயன் யாது, அவர் சொல்லாமல் விட்டது யாது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பப் பழகுதல் வேண்டும். மூன்றாம் வினாவே அரியது. விக்டோரியா துறையில் மாண்டோரும் சயாம் காட்டில் மாண்டோரும் அவ்வினாவை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.