பிரிக்காத சிப்பி

சௌகரியம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் பல அர்த்தங்கள் உண்டு. "உடம்பு சௌகரியமா?" என்றால் நலம் விசாரிக்கிறோம். "சௌகரியம்போல் வாருங்கள்" என்றால் நேரத்தைச் சொல்கிறோம். "சௌகரியமான வீடு" என்றால் நல்ல கிணறும் நாலு பக்கக் காற்றும் உள்ள வீடு. இப்போது கல்லூரிகளில் இதே சௌகரியத்துக்கு 'யூசபிலிட்டி' என்று பெயர் வைத்துப் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு வலைத்தளத்தை, அதை முன்பின் பார்த்திராத மனிதர் எவ்வளவு தூரம் தடுமாறாமல் கையாள முடிகிறது என்று அளந்து பார்க்கிற சாஸ்திரம் அது.

எங்கள் நாசரேத்தில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் மாணவி ஒருத்தி இந்தப் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எத்தனை பேரைச் சோதிக்கப் போகிறாய் என்று கேட்டேன். "ஐந்து பேர் போதும், மாமா" என்றாள். டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் ஆண்டில் சொன்ன கணக்கு அது. ஐந்தே பேரைத் தளத்தின் முன் உட்கார வைத்து, நாம் வாயைத் திறக்காமல், அவர்கள் எங்கே தட்டுத் தடுமாறுகிறார்கள் என்று கவனித்தால், குறைகளில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்பது அவர் கட்சி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் நம் பெரியவர்கள். நீல்சன் ஐந்து சோறு கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் பிடித்த ஐந்து பேர்: ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், கருப்பட்டி வியாபாரி ஒருவர், மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி, ஒரு பஸ் கண்டக்டர், கடைசியாக அவளுடைய சொந்தத் தம்பி. ஒரு வலைக்கடையில் ஒரு குடை வாங்க வேண்டும் என்பது பரீட்சை. தம்பி கண் மூடித் திறப்பதற்குள் வாங்கிவிட்டான். மற்ற நால்வரும் குடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்; நிறம்கூடத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் கட்டும் இடம் வந்ததும் நால்வரும் நின்றுவிட்டார்கள். கைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்டதும் ஆசிரியை, "இது எங்கிட்ட என்னம்மா கேக்கு?" என்று கையை எடுத்துக்கொண்டார். கருப்பட்டிக்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "பொருளைப் பாக்கல, ஆளைப் பாக்கல, துட்டை மட்டும் மொதல்ல குடுன்னா எப்படிம்மா?"

மாணவி தன் நோட்டில், 'நால்வருக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி என்னை விடவில்லை. கருப்பட்டிக்காரர் கேட்டது தொழில்நுட்பத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. அது வியாபாரத்தைப் பற்றிய கேள்வி. இந்தக் கரையில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிற கேள்வி. சந்தையில் கருப்பட்டி வாங்குகிறவன் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்க்காமல் மடியை அவிழ்ப்பானா?

பார்க்காமல் பொருள் வாங்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்கே தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடந்த நாட்களில், பரதவர் மூழ்கி எடுத்து வந்த சிப்பிகளைக் கரையில் குவித்து, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். வாயைப் பிளக்காத சிப்பிகள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஏலம் கேட்பவனுக்கும் தெரியாது. ஏலம் போடுபவனுக்கும் தெரியாது. வாங்கியவன் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தால்தான் தன் ஜாதகம் தெரியவரும். அப்படியும் தூர தேசங்களிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். எதை நம்பி வந்தார்கள்?

அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், சலாபத்தை அறிவிப்பதற்கு முன்பாகவே சர்க்கார் தன் செலவில் முத்துப் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுக்கும். அவற்றைக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் தேர்ந்தவர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் பெறும் என்று கணக்குச் சொல்லும். வியாபாரி அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் கப்பல் ஏறினான். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடந்தன; அதற்குப் பிறகு அந்தக் காட்சி மறைந்து போயிற்று. வலைக்கடைகளில் சாமானுக்குக் கீழே நட்சத்திரங்களும் வாங்கியவர்களின் அபிப்பிராயங்களும் இருக்கின்றன அல்லவா? அவை அந்த மாதிரிச் சிப்பிகளின் பேரப்பிள்ளைகள்தாம். ஒரு பேதம் உண்டு. மாதிரி எடுத்தவர்கள் பெயரும் பதவியும் உள்ள உத்தியோகஸ்தர்கள். இன்று நட்சத்திரம் போட்டது யார் என்று கண்டுபிடிப்பது, சிப்பிக்குள் முத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

அடுத்த கட்டம் தபாலில் நடந்தது. 1877-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. என்ற முறையைக் கொண்டுவந்தது. சென்னையில் உள்ள கடைக்காரன் பார்சலை அனுப்புவான். கிராமத்து வாசலில் தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். பணம் கடைக்காரனுக்குப் போய்ச் சேரும். 1879-இல் காலணாக் கார்டும், 1880-இல் மணியார்டரும் வந்துவிட்டன. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கார்டு எழுதத் தெரிந்தால் போதும், பட்டணத்துக் கடை முழுவதும் உங்கள் திண்ணைக்கு வந்துவிடும். நம் பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் கைக்கடிகாரமும் கூந்தல் தைலமும் பெரிய எழுத்துப் புத்தகங்களும் வரிசையாக நின்றதற்கு வி.பி.பி.தான் ஆதாரம்.

இதில் நடந்தது என்ன? அனுப்புகிறவனுக்கு ஒரு பயம்: பணம் வருமா? வாங்குகிறவனுக்கு ஒரு பயம்: பணத்தை அனுப்பினால் பொருள் வருமா? இரண்டு பயங்களையும் தன் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார் தபால்காரர். ஒரு பயத்தை மட்டும் அவரால் சுமக்க முடியவில்லை. பணத்தைக் கொடுத்த பிறகே பார்சலைப் பிரிக்கலாம் என்பதால், கடிகாரத்துக்குப் பதில் கல் இருந்தால் அது வாங்கியவன் தலையெழுத்து. சிப்பி வாசல்வரை வந்தது, வாயைத் திறக்கவில்லை.

இந்தச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு 2010-இல் நடந்தது ஆச்சரியம் தராது. 2007-இல் பெங்களூரில் புத்தக வியாபாரமாகத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், பளபளப்பான தளம் இருந்தும், அட்டை நம்பரைக் கேட்டதும் ஜனங்கள் திரும்பிப் போவதைக் கண்டது. 2010-இல், பொருள் வீட்டுக்கு வந்தபின் காசு கொடுங்கள் என்று ஆரம்பித்தது. வலைக்கடை வியாபாரம் நம் நாட்டில் ஊர் ஊராகப் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம். தபால்காரரின் பழைய வி.பி.பி.தான், காக்கி உடைதான் மாறியது. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்துகொண்டபோதுதான் சிப்பி முதன்முதலாக வாயைத் திறந்தது.

வலைத்தளத்தில் தமிழ் படிப்பதற்கே ஒரு காலத்தில் தவம் செய்ய வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை வலையில் ஏற்றியவர்களில் முன்னோடி. அதன் பின் தமிழ்த் தளங்கள் பெருகின. ஆனால் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. வாசகர் முதலில் அந்த எழுத்துருவை இறக்கித் தம் கணினியில் பதித்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் தலையங்கம் முழுவதும் பில்லி சூனியக்காரன் போட்ட சக்கரம்போலத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு ஒரு பொது விசைப்பலகையையும் பொதுக் குறியீடுகளையும் வகுத்தது. 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்த யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. இன்று எந்தக் கைபேசியைத் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. வாசகர் தலையில் இருந்த பாரத்தைத் தளம் செய்கிறவரும் கைபேசி செய்கிறவரும் தம் தலைக்கு மாற்றிக்கொண்டார்கள். சௌகரியம் என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உழைப்பு எங்கும் மறைந்து போவதில்லை. யார் அதைச் சுமக்கிறார்கள் என்பதே கேள்வி.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி எங்கள் மீன் கடையில் இருக்கிறது. 2016-இல் யூ.பி.ஐ. வந்தது. கட்டம் போட்ட அட்டையைக் கைபேசியில் காட்டினால் பணம் போய்விடும் என்றார்கள். வாங்குகிறவருக்குச் சுலபம்தான். விற்கிறவளுக்கு? கையெல்லாம் செதிலும் ஈரமும். அந்தக் கையால் கைபேசியைத் தடவி, பணம் வந்ததா என்று பார்க்க முடியுமா? அவசரக் கூட்டத்தில், பணம் போன மாதிரி ஒரு போலிப் படத்தைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களும் உண்டு. 2019-இல் பேடிஎம் ஒரு சிறு பேசும் பெட்டியைக் கொண்டுவந்தது. பணம் வந்து சேர்ந்ததும் அது உரக்கக் கூவும், தமிழிலும் கூவும். எழுத்துத் தெரிய வேண்டாம், கையைத் துடைக்க வேண்டாம், வாடிக்கையாளரைச் சந்தேகப்பட்டு முகம் கோண வேண்டாம். கண்ணும் கையும் வேலையாக இருக்கும்போது காது சும்மா இருக்கிறது என்பதை யாரோ ஒருவர் மீன் கடைக்கு எதிரே நின்று கவனித்திருக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி நிற்க ஆள் இல்லை என்பதுதான் வருத்தம். நாசரேத் வாத்தியார்கள் நிறைந்த ஊர். 1876-இல் இங்கே வந்து 1908-இல் மறையும்வரை உழைத்த மர்காஷிஸ் ஐயர் பள்ளிக்கூடத்தையும் அநாதை இல்லத்தையும், 1878-இல் தொழிற்பள்ளியையும் வளர்த்தார். அந்தப் பரம்பரையில் படித்தவர்கள் பலர் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் ஓய்வு பெற்ற பின், தாங்கள் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒரு முறை நிரூபித்தால்தான் ஓய்வூதியம் தொடரும். 2014 நவம்பரில் மத்திய அரசு இதற்கு ஜீவன் பிரமாண் என்ற ஏற்பாட்டைச் செய்தது. ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்; விரல் ரேகையை வைத்தால் போதும். நல்ல எண்ணம்தான். ஆனால் முதுமையில் ரேகை தேய்ந்து போகிறது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரை, "ரேகை பொருந்தவில்லை" என்று இயந்திரம் மறுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது பொத்தானின் நிறத்தைப் பற்றிய சில்லறை விஷயம் அல்ல என்று. முகத்தைக் காட்டினால் போதும் என்ற வழி 2021-இல்தான் வந்தது.

முகமும் எல்லாருக்கும் உதவுமா? வங்கிக் கணக்கு தொடங்க, காமிராவின் முன் கண்ணை இமைத்துக் காட்டச் சொன்னார்கள். அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களால் இமைக்க முடியவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கில், இத்தகைய மின்வழிச் சேவைகளை அடைவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சௌகரியம் என்று நாம் இலேசாகச் சொல்லிவந்த சொல், உரிமை என்ற நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

தெரியாமல் வைத்த தடைகள் இவை. தெரிந்தே வைக்கிற பொறிகளும் உண்டு. நீங்கள் எடுக்காத சாமானைக் கூடையில் இரகசியமாகப் போடுவது. 'இன்னும் இரண்டே நிமிஷம்' என்று பொய்க் கடிகாரம் ஓட்டுவது. சந்தா சேரும் வாசலை அகலமாகவும், விலகும் வாசலை எலி வளையாகவும் கட்டுவது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இவற்றில் பதின்மூன்று வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. ஜனங்களின் தடுமாற்றத்தை உட்கார்ந்து கவனிக்கும் அதே சாஸ்திரம்தான் இதற்கும் உதவுகிறது. மனிதர் எங்கே வழுக்குவார் என்று தெரிந்தவன் அங்கே கைப்பிடியும் வைக்கலாம், எண்ணெயும் ஊற்றலாம்.

கைப்பிடி இல்லாத இடங்களில் ஜனங்கள் சும்மா நின்றுவிடுவதில்லை. அந்தக் காலத்தில் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார். சர்க்காரின் மொழி தெரியாதவனுக்கு அவர் காசு வாங்கிக்கொண்டு கை கொடுப்பார். இன்று அந்த இடத்தில் பிரௌசிங் சென்டர் இருக்கிறது. படிவம் புரியாத பெரியவர், தம் இரகசிய எண்ணையும் கைபேசியையும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் அவன் நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன் கிடைப்பதும் கிடைக்காததும் அவர் அதிர்ஷ்டம் என்று ஆகிவிட்டது. பாரத்தை எல்லாரும் இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகு, அது கடைசியில் யார் தலையில் வந்து உட்காருகிறது என்று பாருங்கள்.

ஆகவே, தளம் செய்கிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 'இவர்களுக்குத் தெரியாது' என்று எழுதுவதற்கு முன், 'இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்?' என்று ஒரு முறை கேளுங்கள். முத்து வியாபாரிக்காகச் சர்க்கார் தன் செலவில் சிப்பியைப் பிளந்து காட்டியது. கடிகாரம் வாங்கியவனுக்காகத் தபால்காரர் வெயிலில் நடந்தார். மீன் விற்பவளுக்காக ஒரு பெட்டி வாயைத் திறந்து கூவுகிறது. பிரௌசிங் சென்டர் பெஞ்சியில் காத்திருக்கும் பெரியவருக்காக இன்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.