வானவூர்தியும் விமானமும்

புதுப்பொருள் தோன்றுங்கால் அதனைக் குறிக்குஞ் சொல் இருவழியான் அமையும். புதுச்சொல் ஆக்கிக்கோடல் ஒன்று. பழஞ்சொற்குப் புதுப்பொருள் ஏற்றுதல் மற்றொன்று. பின்னையது எளிது, ஆயினும் புதுப்பொருளைப் பழநூலிற் காணும் மயக்கத்துக்கு இடந்தருவதும் அதுவே. வானிற் செல்லும் ஊர்திகளின் பெயர்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாம்.

'வானவூர்தி' என்னும் வழக்குச் சங்கநூலிலேயே உண்டு. புறநானூற்று 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவராற் பாடப்பெறும் புகழுடையோர் பாகன் செலுத்தவேண்டாத வானவூர்தியை எய்துவர் என்று சோழன் நலங்கிள்ளிக்கு உணர்த்தினார். ஊரப்படுவது ஊர்தி, யானையும் குதிரையும் தேரும் ஊர்தியே. நிலத்திற் செல்லுந் தேர்க்குப் பாகன் வேண்டும், இவ்வூர்திக்கு வேண்டா. தாம் செய்த நல்வினையே அவரை உய்த்தலின் என்க. சிலப்பதிகாரத்து மதுரைக்காண்ட இறுதியிற் கண்ணகி கோவலனொடு வானவூர்தி ஏறியதும் இவ்வகையினதே. ஈரிடத்தும் அது துறக்கம் புகுவார்க்கு உரியதாய் நின்றதன்றி, ஊரினின்று ஊர் செல்வார்க்கு உரியதாய் நிற்கவில்லை.

மக்கள் செய்த பறவைப்பொறி வேறு. சீவகசிந்தாமணியிற் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை விசயை வலமாகத் திரிப்ப அஃது எழும். இடமாகத் திரிப்ப இறங்கும். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகைப்பட்ட நாளில், கருவுற்றிருந்த அவள் அதன்மேற் சென்று சுடுகாட்டில் இறங்கினாள். சீவகன் ஆண்டுப் பிறந்தான். மணிமேகலையோ ஊர்தியும் பொறியுமின்றி மந்திரத்தால் வான்வழிச் சென்றாள். எனவே, வினையாற் பெறுவது ஊர்தி, கையாற் செய்வது பொறி, ஓதிப் பெறுவது மந்திரம் என முத்திறமும் நம் முன்னோரால் வேறுவேறாகவே கூறப்பட்டன.

இனி, 'விமானம்' வடசொல். அளத்தற்பொருளுடைய 'மா' என்னும் முதனிலையின்முன் 'வி' சேர்ந்து ஆயது. குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்த புட்பகத்துக்கு அது பெயர். கருவறைமேல் எழும் கட்டடத்துக்கும் அதுவே பெயர். திருவீழிமிழலையில் இறைவன் எழுந்தருளியிருப்பது விண்ணிழி விமானம் எனப்படும். விண்ணினின்று இழிந்தது என்னும் அப்பெயரில் வானுந் திருக்கோயிலும் ஒருங்கே நிற்றல் காண்க.

மேனாட்டில் 1783-இல் மான்ட்கால்பியர் உடன்பிறந்தாரின் வெப்பக்காற்றுக் கூண்டு மக்களை ஏந்தி எழுந்தது. 1903 திசம்பர் 17-இல் ரைட் உடன்பிறந்தாருடைய பொறி முதன்முறை 12 நொடி பறந்து 120 அடி சென்றது. 1911-இல் அலகாபாத்தினின்று நைனிக்கு வான்வழி அஞ்சல் சென்றது. 1932-இல் கராச்சியிற் புறப்பட்ட அஞ்சல் பம்பாய் வழியே சென்னை சேர்ந்தது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றினார். அஃதாவது, அப்பொறி பறக்குமுன்னரே அதற்குப் பின்னர்ப் பெயராகவேண்டிய பழஞ்சொல் தமிழர் கையில் மீண்டும் வந்துவிட்டது. ஆகவே, மக்கள் 'ஆகாய விமானம்' என வழங்க, தனித்தமிழ் வேண்டினோர் 'வானூர்தி' எனச் சுருக்கி வழங்கினர். நேரே எழும் சுழல்விசிறிப் பொறியை ஈழத்தார் 'உலங்கு வானூர்தி' என்பர். பிறமொழியாளர் செய்கையும் இன்னதே: மலாய் மக்கள் 'பறக்குங் கப்பல்' என்னும் பொருள்படவும், சீனர் 'பறக்கும் பொறி' என்னும் பொருள்படவும் பெயரிட்டனர்.

பெயர் ஒன்றாயினமையின் பொருளும் ஒன்றே என்பார் பலர். அடியேனும் ஆசிரியப்பணியின் தொடக்கத்தில், பாகனற்ற அவ்வூர்தியைக் காட்டி, இக்காலத்து ஆளில்லா விமானத்தைச் சங்கப்புலவர் கண்டனர் எனப் பல்லாண்டு மாணாக்கர்க்குச் சொல்லிவந்தேன். ஒருநாள் மாணவனொருவன், "ஐயா, அப்பாட்டு நிலையாமையைச் சொல்லுகிறதா, பொறியைச் சொல்லுகிறதா?" என வினவினான். விடைகூற இயலாது நின்றேன். அன்றே அக்கூற்றை விடுத்தேன்.

வடமொழியிலும் இம்மயக்கம் நிகழ்ந்தது. பரத்துவாச முனிவர் பெயரால் வழங்கும் 'வைமானிக சாத்திரம்' பண்டித சுப்பராய சாத்திரியாரால் 1918-க்கும் 1923-க்கும் இடையே சொல்லி எழுதுவிக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து அறிஞர் ஐவர் 1974-இல் ஆராய்ந்து, அந்நூல் 1904-க்கு முற்பட்டதன்று எனவும், அதிற் கூறிய விமானங்கள் பறக்கும் இயல்பினவல்ல எனவும் முடிவுசெய்தனர். காண்டலுங் கருதலும் மறுப்பதனை உரையென்று கொள்ளுதல் அளவை நூல் கற்றார்க்குத் தகாது.

வானில் திரிந்த முப்புரங்களை எண்ணுக. பொன், வெள்ளி, இரும்பு ஆகிய மதில்களோடு பறந்த அவற்றை வானூர்தி என்று கொள்வார்க்குக் கிடைப்பது ஒரு பொறியே. திருமூலரோ முப்புரமாவது மும்மலத்தின் காரியம் என உணர்த்தினார். அவ்வழி நிற்பார்க்குக் கிடைப்பது வீட்டுநெறி. பழஞ்சொல்லைப் புதுப்பொறிக்கு இடுதல் தமிழுக்கு ஆக்கம். அதனை மகிழ்ந்து கொள்வோம். பழநூலைப் புதுப்பொறிக்குச் சான்றாக்குதலோ அந்நூலின் உண்மைப்பொருளை இழத்தலாம். இவ்விரண்டன் வேறுபாட்டை இளைஞர்க்கு உணர்த்துதல் நூல் பயில்வார் கடன்.