வட்டி நிலையானது, பிணையின் விலை நிலையானதல்ல

போரில் இடம்பெயர்ந்து கட்டுகஸ்தோட்டையில் குடியேறிய என் தங்கையின் மகன் அண்மையில் கேட்டான்: "மாமா, இணையத்தில் நிலையான வட்டிக்குக் கடன் கிடைக்குதாம். அம்மாவின்ர சங்கிலியைக் கண்டியில அடகு வைச்சு இறங்கலாமா?" வன்னியிலிருந்து அவள் கொண்டுவந்த நகை அது ஒன்றுதான். அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

டீஃபை எனப்படும் பரவலாக்கப்பட்ட நிதியில் வங்கி இல்லை. கணினி நிரலே கடன் தருகிறது. நகை அடகைப் போலவே, ஈதர் போன்ற மறைநாணயத்தைப் பிணை வைத்து, அதன் பெறுமதியிலும் குறைந்த தொகையைப் பெறலாம். ஆவே, கொம்பவுண்ட் போன்ற தளங்களில் கடன் கேட்போர் கூடினால் வட்டியும் ஏறும்.

நிலையான வட்டி முறை திறைசேரி உண்டியலைப் போன்றது. இன்று 95 பெற்று, ஒரு வருடத்தில் 100 கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறோம். இடையில் வட்டி ஏறினாலும் எமக்கு மாற்றமில்லை. அதன் பயன் எமக்குத் தெரியும்: 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை 7.5 இலிருந்து 14.5 சதவீதமாக உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன்பட்டவர்களே அதிகம் தவித்தார்கள்.

ஆனால் பிணையின் விலையை அது காப்பாற்றாது. பெற்ற கடனில் மீண்டும் ஈதர் வாங்கிப் பிணை வைத்துக் கடன் பெறுவதே லெவரேஜ். 1,00,000 ரூபா ஈதருக்கு 75,000, அதற்கு 56,250 என இருமுறை கடன் பெற்றால், கையில் 2,31,250 ரூபா ஈதர், கடன் 1,31,250. விலை 30 சதவீதம் விழுந்தால் ஈதர் 1,61,875 ஆகும். மிஞ்சுவது 30,625, வட்டி வேறு. கடன்படாதிருந்தால் 70,000 மிஞ்சியிருக்கும்.

அதற்குள் கடன், பிணையின் 80 சதவீதத்தையும் தாண்டிவிடும். எல்லை அதுவானால் நிரல் பிணையை விற்கத் தொடங்கும். அடகுக் கடையில் அறிவித்தல் வரும், தவணை கேட்கலாம், இங்கே இரண்டுமில்லை. 2020 மார்ச் 12 அன்று ஈதர் ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தபோது, மேக்கர்டாவோவில் சிலரின் பிணை ஏலத்தில் ஏறக்குறைய இலவசமாகவே போனது.

மறைநாணயங்களைத் தான் ஒழுங்குபடுத்துவதில்லை என மத்திய வங்கியும் எச்சரித்துள்ளது. நட்டப்பட்டால் முறையிட இடமில்லை.

நகையில் எடுக்கும் பணமே கடன். அதன்மேல் இன்னொரு கடன் வேண்டாம் என்றேன்.