ஒப்புதல் வாக்குமூலமும் மேல்முறையீடும்: சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு முதல் தடா வரை

முன்னுரை

இந்தியக் குற்றவியல் மேல்முறையீடுகளில் ஒப்புதல் வாக்குமூலம் உண்மையா பொய்யா என்ற கேள்விக்கு முன்னரே, அதில் எவ்வளவு பகுதியை நீதிமன்றம் படிக்கலாம் என்ற கேள்வி எழுகிறது. நீதிமன்றத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு இக்கேள்வி எழுவதில்லை. 2024 வரை நடைமுறையிலிருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவின்படி, அவ்வொப்புதலின் பேரில் அமர்வு நீதிமன்றம் தண்டித்தால், தண்டனையின் அளவையும் சட்டத் தகுதியையும் குறித்தே மேல்முறையீடு செய்ய முடிந்தது. காவலில் சொன்னதாகக் கூறப்படும் ஒப்புதலின் வரலாறு வேறு. அதன் முக்கியத் திருப்பங்கள் சென்னை மாகாணத்தோடு தொடர்புடையவை. காவல் அறையின் மீதிருந்த ஐயத்தைச் சட்டம் சொற்களைப் பற்றிய விதியாக மாற்றியது என்பதும், அதனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏட்டிலுள்ள சொற்களை நீக்க வல்லதாயிற்றேயன்றி ஏட்டில் ஏறாத சொற்களை அறிய வல்லதாகவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சென்னை ஆணையமும் தடையும்

சென்னை மாகாணத்தில் வரி தண்டச் சித்திரவதை நிகழ்கிறது என்ற குற்றச்சாட்டு 1854இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை அளித்தது. 1816 முதல் தாசில்தாரே காவல் பணிக்கும் தலைவராக இருந்தார். எனவே வரி வாங்கிய கையும் ஒப்புதல் வாங்கிய கையும் ஒன்றே. விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே வைத்து நெருக்கும் ‘கிட்டி’ அவ்வாங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயராலேயே இடம்பெற்றுள்ளது. மொழிபெயர்ப்புக்கு அவசியமில்லாத அளவுக்கு அது அலுவலக வழக்காகிவிட்டிருந்தது போலும்.

1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் சாட்சியமாகாது என விதித்தது. அவ்விதிகளை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 25, 26ஆம் பிரிவுகளாக ஏற்றது. ஆயினும் 27ஆம் பிரிவு விதிவிலக்கொன்றை வைத்தது: காவலில் உள்ளவர் தரும் தகவலால் ஒரு பொருண்மை கண்டறியப்பட்டால், அதனோடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம். அந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அடுத்த எழுபத்தைந்து ஆண்டு விவாதம்.

கோட்டய்யா வழக்கு

லாகூர் உயர் நீதிமன்றம் 1929இல் இப்பிரிவைக் குறுக்கிப் படித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வோ 1937இல் அத்தப்ப கவுண்டன் வழக்கில் அதை விரித்துப் படித்தது. கைப்பற்றப்பட்ட பொருளைக் குற்றத்தோடு இணைக்கும் ஒப்புதலும் சாட்சியமாகும் என்பது அதன் நிலை. கிட்டியைக் கண்ட மாகாணத்தின் நீதிமன்றமே காவல்துறைக்கு வசதியான விளக்கத்தைத் தந்தது என்பது வரலாற்றின் முரண்.

இம்முரணைத் தீர்த்தது குண்டூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 1944 டிசம்பரில் நிகழ்ந்த கலவரக் கொலை வழக்கு. புலுகூரி கோட்டய்யா உள்ளிட்ட ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்த பின், வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1946 டிசம்பரில் தீர்ப்பை வழங்கியவர் சர் ஜான் போமாண்ட். காவலில் இருந்த ஒருவரின் வாக்குமூலத்தில் பதுங்கியிருந்தது, அடித்துக் கொன்றது, தூண்டியவர் பெயர், ஈட்டியையும் தடியையும் வைக்கோல் போரில் ஒளித்தது ஆகிய யாவும் இருந்தன. ஒளித்த இடத்தையும் அதைக் காட்டுவதாகச் சொன்னதையும் தவிர ஏனையவற்றைப் பிரிவி கவுன்சில் நீக்கியது. மற்றொருவர் ஈட்டியால் குத்தியதாகச் சொன்ன வாக்கியமும் நீக்கப்பட்டது.

அதன் காரணம் நுட்பமானது. கண்டறியப்பட்ட பொருண்மை என்பது கத்தி அன்று. கத்தி கண்டுபிடிக்கப்பட்டுப் பன்னெடுங்காலமாகிறது. அது இருந்த இடமும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைப் பற்றியிருந்த அறிவுமே கண்டறியப்படுபவை. ஒரு பொருளைக் குறிப்பிட்டாலே முழு ஒப்புதலும் சாட்சியமாகிவிடுமெனில், காவல்துறையின் இணங்கவைக்கும் திறன் அதற்கு ஈடுகொடுக்கும். தடை பயனற்றதாகிவிடும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. நாகரிகமான அச்சொற்களுக்குப் பின்னே 1855இன் ஐயமே பேசுகிறது எனலாம். தண்டனைகள் நீக்கப்பட்டன, எஞ்சிய சாட்சியம் போதுமா என்பதை ஆராய வழக்கு சென்னைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால், வைக்கோல் போரைப் பற்றிய சொற்கள் எச்சூழலில் பிறந்தன என்ற கேள்விக்கு 27ஆம் பிரிவின் அமைப்பில் இடமில்லை. பொருள் கிடைத்தமையே அச்சொற்களின் நம்பகத்தன்மைக்கு உறுதியாகக் கொள்ளப்பட்டது.

தடாவும் விடுபட்ட வாக்கியமும்

1987ஆம் ஆண்டுத் தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளரோ அவருக்கு மேற்பட்ட அதிகாரியோ பதிவு செய்யும் ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. வெட்டுவதற்கான தேவையே அகன்றது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றியது. 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தடா குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது அத்தீர்ப்பு. ஆயினும் தடாவின் கீழ்ப் பெற்ற ஒப்புதல்கள் ஏனைய குற்றங்களுக்குச் செல்லும் என்றது. உடன் குற்றவாளிக்கு எதிராகவும் அவை தன்னளவில் சாட்சியமாகும் என்பது பெரும்பான்மை நிலை, நீதிபதி கே.டி. தாமஸ் இதில் மாறுபட்டார். குற்றம் விழுந்தும் அதன் சாட்சிய விதி எஞ்சிய இந்நிலை, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்போடு பொருந்துவதன்று.

மரண தண்டனை உறுதிசெய்யப்பட்டவர்களுள் ஒருவர் பேரறிவாளன். பேட்டரிகள் எதற்காக என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தாம் பதிவு செய்யவில்லை என, அவ்வாக்குமூலத்தை எழுதிய மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி ஓய்வுக்குப் பின் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரமும் அளித்தார். கோட்டய்யா வழக்கில் வெட்டியது நீதிமன்றம். வெட்டப்பட்டவை ஏட்டில் இருந்ததால் எவற்றை நீக்கலாம் என வாதிட முடிந்தது. இங்கே விடுபட்டது ஏட்டில் ஏறவேயில்லை. ஆதலால் 1999இல் மூன்று நீதிபதிகளும் ஆராய்ந்த உரையில் அது இல்லை. 2014 பிப்ரவரியில் அவருடைய மரண தண்டனை குறைக்கப்பட்டது, கருணை மனு மீதான தாமதத்தின் பேரில். 2022 மே 18 அன்று அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பின்படி அவரை விடுவித்த ஆணை, மாநில அமைச்சரவையின் பரிந்துரை மீது ஆளுநர் முடிவெடுக்காத தாமதத்தைச் சார்ந்தது. ஒப்புதலின் உரை இரண்டிலும் மறுமதிப்பீடு செய்யப்படவில்லை.