வீட்டுப் பிரசவமும் மருத்துவச்சியும் (மதுரை வட்டாரம்)

மதுரை நகரைச் சுற்றியுள்ள வைகைச் சமவெளிக் கிராமங்களில் ஏறத்தாழ 1970-கள் வரை பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்தன. பேறுகாலம் பார்த்தவர் ஊர் மருத்துவச்சி. இன்று அந்த வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 1992–93இல் நூற்றுக்கு 64 பிரசவங்கள் அளவில் மருத்துவமனைகளில் நடந்தன. 2019–21இல் அது 99.6 ஆனது. ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றம் எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காத்தது. ஆனால் வலியெடுத்த நேரம் முதல் பிள்ளை கையில் விழும் வரை பக்கத்தைவிட்டு அகலாத ஒருத்தியை அது பிரசவ அறையிலிருந்து வெளியே அனுப்பியது. அவள் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மருத்துவச்சிகளில் பலர் நாவிதர் குடியைச் சேர்ந்தவர்கள். ஆண்கள் முடிதிருத்துவதோடு புண்ணுக்குக் கட்டும் போட, பெண்கள் பேறுகாலம் பார்த்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல்வரிசையிலும் இது பதிவாகியிருக்கிறது. தென்மாவட்டங்களில் இவர்களைக் குடிமகன், குடிமகள் என்று அழைத்தார்கள். ஊருக்குச் செய்யும் வேலைக்கு அறுப்புக் களத்தில் இவர்களுக்கு நெல் அளந்தார்கள். பிள்ளை பிறந்தால் சேலையும் வெற்றிலை பாக்கும் படி அரிசியும் தனி. மற்ற நாளில் திண்ணைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியவள், பேறுகாலத்தன்று மட்டும் உள்ளறைவரை போய் எல்லோரையும் அதட்டி வேலை வாங்கினாள். குருதியும் நஞ்சுக்கொடியும் தீட்டென்று ஒதுக்கிய சமூகம், அவற்றைக் கையால் தொடும் வேலையை அவள் தலையில் கட்டியது. அவள் அறிவுக்கு மதிப்பில்லாமல் போனதற்கும் இதுவே வேர். எல்லா ஊரிலும் குடிமகளே பார்த்தாள் என்பதில்லை. பல தெருக்களில் அந்தந்தச் சாதியிலேயே கைராசிக்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். இடுப்புவலி கண்டதும் முதலில் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். பொய்வலி என்றால் அடங்கும், மெய்வலி என்றால் ஓங்கும் என்பது கணக்கு. வலி விட்டு விட்டு வரும் நேரமெல்லாம் நடக்கச் சொல்வார்கள். இடுப்பில் வெந்நீர் ஊற்றி, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, பிள்ளை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கையாலேயே பார்ப்பாள் மருத்துவச்சி. வலி நெருங்கியதும் உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண் குத்தவைத்து உட்கார்வாள்; பின்னாலிருந்து ஒருத்தி முதுகைத் தாங்குவாள். முன்னால் உட்கார்ந்திருக்கும் மருத்துவச்சி, எப்போது முக்க வேண்டும், எப்போது மூச்சைவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், நடமாட விடுவதும், பெண் விரும்பிய நிலையில் பெற விடுவதும், அவள் விரும்பும் துணை ஒருவரைக் கூட வைத்துக்கொள்வதும் இடம்பெற்றன. பாட்டிமார் அறிந்து செய்ததற்கு மருத்துவம் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. தொப்புள்கொடியை அறுக்க வீட்டு அரிவாளோ சவரக் கத்தியோ போதும் என்று நினைத்தார்கள். அதைக் கொதிநீரில் போட்டெடுக்கும் பழக்கம் இல்லை. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்த ஊர்களும் உண்டு. பிறந்த சில நாட்களில் பிள்ளை பால் குடிக்காமல் தாடை இறுகி, உடல் விறைத்து இறந்தால் பேயடித்தது, ஜன்னி கண்டது என்றார்கள். பெரும்பாலும் அது அந்தக் கத்தி வழியோ சாணம் வழியோ ஏறிய இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமிதான். குறுக்கே கிடக்கும் பிள்ளை, விழாத நஞ்சுக்கொடி, நிற்காத உதிரப்போக்கு, இரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு ஆகிய நான்கின் முன்னும் மருத்துவச்சி கைவிரித்து நின்றாள். மருத்துவமனை என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1840-களில் வியன்னாவில், டாக்டர்கள் பிரசவம் பார்த்த பகுதியில் மருத்துவச்சிகள் பார்த்த பகுதியைவிட மிக அதிகமான தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். பிணம் அறுத்த கையோடு டாக்டர்கள் வந்ததே காரணம் என்று 1847இல் கண்டு, கைகழுவ வைத்தவர் அங்கிருந்த டாக்டர் செம்மல்வைஸ்.

வீட்டுப் பேறுகாலச் சாவுகளின் சாட்சி மதுரை வட்டாரச் சாலையோரங்களில் இன்றும் நிற்கிறது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கிவைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ள அளவான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமைக்கு ஈடாக, குடும்பத்தார் இந்தச் சுமைதாங்கிகளை நட்டார்கள். சிலவற்றில் அவள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்; பலவற்றில் எழுத்தே இல்லை. பழைய வீட்டுப் பிரசவத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கற்களையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

இத்தகைய சாவுகளைத் தடுக்கும் மருத்துவம் இங்கே கிறிஸ்தவ மிஷன் வழியாகவும் வந்தது. அமெரிக்க மிஷன் மதுரையில் காலூன்றியது 1834இல். பெண்களுக்கான மருத்துவம் 1880-களின் நடுவில் வந்த டாக்டர் பாலின் ரூட்டோடு அங்கே தொடங்கி, 1895இல் வந்த ஹாரியட் பார்க்கர் காலத்தில் வேரூன்றியது. கீழவெளி வீதியில் உள்ள கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை அந்த மரபில் வந்தது. ஆண் டாக்டர் முன் பெண்ணை அனுப்பாத வீடுகள் எல்லாச் சமயத்திலும் இருந்ததால், பெண் டாக்டர் என்பது சலுகை அல்ல, உயிர்ப் பிரச்சினை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து அழைத்தும் பெண் டாக்டர் இல்லாததால் பேறுகாலத்தில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், டாக்டராகத் திரும்பி வந்து வேலூரில் மருத்துவமனை தொடங்கிய கதை தமிழகம் அறிந்தது.

1926ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம், பயிற்சி பெற்றவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. பரம்பரை மருத்துவச்சி அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நின்றாள். 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய அரசு அமைத்த போர் (Bhore) குழு, ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு 20 தாய்மார், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பேர் இந்தியாவில் பேறுகாலத்தில் இறப்பதாக மதிப்பிட்டது.

இந்த நிலையைக் கிராமத்துக்குள்ளேயே போய் மாற்ற முனைந்தவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் (1904–1984). டி.வி.எஸ். நிறுவனத்தை மதுரையில் வளர்த்த டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, அதன்பின் தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டரானார். காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை 1940இல் மறுமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் இது லேசான காரியமல்ல. 1947இல், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த சின்னாளபட்டியில், இரண்டே படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு நடந்தே வந்து சேரக்கூடிய தூரம். அதுதான் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. படித்த ஒருத்தி பட்டணத்தில் காத்திருப்பதைவிட, கிராமத்துப் பெண்ணுக்கே பயிற்சி கொடுத்து அவள் ஊரிலேயே அமர்த்துவது மேல் என்பது அங்கே வேலையின் அடிப்படை. மதுரை வட்டாரப் பேறுகால வரலாற்றில் மிகச் சரியான பாதையைக் காட்டியது இந்த முயற்சிதான் என்பது என் துணிபு.

நகரில் எர்ஸ்கின் மருத்துவமனையும் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை), 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் சிக்கலான பிரசவங்களின் கடைசிப் புகலாயின. கிராமங்களில் துணைச் செவிலியர்கள் வந்தார்கள். பின்னாளில் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது அளவாயிற்று. ‘நர்சம்மா’ என்று ஊர் அழைத்த இவர்களில் பலர் இரவில் அரிக்கேன் விளக்கோடு போய் வீடுகளில் பிரசவம் பார்த்தவர்கள். 1970-களின் பிற்பாதியில் அரசு பரம்பரை மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி கொடுத்தது: கை சுத்தம், இடம் சுத்தம், கொடியறுக்கும் பிளேடும் கட்டும் நூலும் சுத்தம். சோப்பும் புதிய பிளேடும் அடங்கிய ஒரு சிறு பொட்டலம் காத்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தோ, இரவில் ஏற்றிப்போக வண்டியோ அந்தப் பொட்டலத்தில் இல்லை.

மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண்சிசுக் கொலையை 1986இல் ‘இந்தியா டுடே’ வெளிக்கொண்டு வந்தபோது மருத்துவச்சியும் குற்றவாளிக் கூண்டில் ஏறினாள். சிலர் அதற்கு உடந்தையாக இருந்தது உண்மை. பெண் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்ததோ, வரதட்சணைக்கு அஞ்சிய வீடுகள். நெல்லுக்கும் சேலைக்கும் அதே வீடுகளை அண்டியிருந்தவளிடம் பழியை மட்டும் விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

பிறகு பேறுகால நிலைமை வேகமாக மாறியது. 1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் பிரசவம் பார்த்தார்கள். 2008இல் ‘108’ ஆம்புலன்ஸ் வந்தது. 2018–20இல் தமிழ்நாட்டின் தாய்மார் இறப்பு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54. நாட்டின் சராசரி 97.

இதன் மறுபக்கம் கத்தி. 2019–21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் போக நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் சொன்னதோடு இதை ஒப்பிட வேண்டும். சுகப்பிரசவம் நடக்கும் இடத்திலும் மல்லாக்கப் படுக்கவைத்து, வலி கூட ஊசி போட்டு, சத்தம் போட்டால் திட்டு என்ற அனுபவத்தைப் பெண்கள் சொல்கிறார்கள். 1990-களில் தமிழகப் பிரசவங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், மருத்துவமனைக்குப் போகப் பெண்கள் தயங்கியதற்கு அங்கே கிடைத்த வசவும் கையூட்டும் காரணமாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கசப்பிலிருந்து ‘இயற்கைப் பிரசவம்’ என்ற பேச்சு நகரங்களில் எழுந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது இளம் தாய் ஒருவர் உதிரப்போக்கில் இறந்தார். அங்கே மருத்துவச்சி என்று யாரும் இல்லை. வீட்டுப் பிரசவம் இன்றும் வழக்கில் இருக்கும் நெதர்லாந்தில், படித்துப் பதிவுபெற்ற மருத்துவச்சி சிக்கலில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்தே வீட்டில் பார்க்கிறார். அவர் கையில் மருந்தும் அழைத்தால் வரும் வண்டியும் உண்டு. அப்படிப்பட்ட ஏற்பாடுள்ள இங்கிலாந்தில் கூட, 2011இல் வெளியான பெரிய ஆய்வு, தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஆபத்துக் கூடுகிறது என்றே காட்டியது.

2018 டிசம்பரில் இந்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி, செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை மருத்துவமனைக்குள்ளேயே அவர்கள் பொறுப்பில் விட வேண்டும். மதுரை வட்டாரச் சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் செவிலியர்களுக்குக் கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், பெண்ணின் தாயைப் பக்கத்தில் இருக்க விடுகிறார்களா, பெறும் பெண் எழுந்து நடக்க இடம் இருக்கிறதா என்பவைதான் இனி அந்த அறைகளில் மாற வேண்டியவை.